கதவு அடைபட்ட பின்: வீட்டுப் பூனையும் சாளரமும்

பெருநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளை அண்ணாந்து நோக்குவோர், ஏதேனும் ஒரு சாளரத்தின் கண்ணாடிக்குப் பின்னே பூனையொன்று அசையாது அமர்ந்திருப்பதைக் காணக்கூடும். வெளியே ஒரு புறா வந்து அமர்ந்தால் அதன் காதுகள் முன்னோக்கி நிமிரும். வால் நுனி துடிக்கும். தாடை அதிர, தொண்டையிலிருந்து துண்டு துண்டாக விந்தையானதோர் ஒலி எழும். கண்ணாடிக்கு இப்பால் வேட்டைக்கான ஆயத்தம் யாவும் உண்டு. வேட்டை மட்டும் இல்லை. இதை வேடிக்கை என்று கண்டு நாம் நகைக்கிறோம். ஆயினும் இக்காட்சிக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. உலவித் திரிந்த ஓர் உயிர், உட்கார்ந்து பார்க்கும் உயிராக மாறிய வரலாறு அது.

சைப்ரஸ் தீவில் ஷிலூரோகாம்போஸ் என்னுமிடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றை அகழ்வாய்வாளர் கண்டு 2004 ஆம் ஆண்டில் அறிவித்தனர். மனித எலும்புக் கூட்டிலிருந்து 40 செண்டிமீட்டர் தொலைவில் ஒரு பூனையின் எலும்புக்கூடும் அங்கே இருந்தது. பூனை அத்தீவிற்கு இயல்பாக உரிய விலங்கன்று. மனிதனே அதைக் கடல் கடந்து கொண்டு வந்திருக்க வேண்டும். மனிதன் தானியத்தைச் சேமித்தான்; தானியத்தை நாடி எலி வந்தது; எலியை நாடிப் பூனை வந்தது. இவ்வாறு தொடங்கிய உறவில் பூனைக்குக் கதவு ஒரு தடையாக இருந்ததில்லை. வீட்டிற்குள் வரும், வேண்டும்போது வெளியே செல்லும். மனிதன் அதற்கு இடம் தந்தான். இரையை அது தானே தேடிக் கொண்டது.

இந்த இயல்பை இஸ்லாமிய மரபு நன்கு அறிந்திருந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பருகப் பூனையொன்று வந்தபோது, அது பருகுவதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் அதை வியப்போடு நோக்கினார். பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று எனும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அவர்கள் எடுத்துரைத்தார்கள். ‘சுற்றி வருவது’ என்னும் அந்த அடையாளத்தை நாம் மனத்தில் இருத்திக் கொள்வோம். பூனையின் இலக்கணமே அதுதான். சுற்றி வரும் ஒன்றை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் என்னவாகும் என்பதே நம் வினா.

அடைத்து வைக்கும் வழக்கத்தின் பழைய சான்றுகளைக் காண நாம் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும். அங்கே பூனை அரிய பொருளாக இருந்த காலத்தில் அரண்மனையே அதன் இல்லமாயிற்று. உடா என்னும் பேரரசர், தந்தையார் தமக்களித்த கரும்பூனையைப் பாற்கஞ்சி ஊட்டி வளர்த்த செய்தியை 889 ஆம் ஆண்டில் தம் நாட்குறிப்பில் வரைந்துள்ளார். அருமை கருதிப் பூனைகளைக் கயிற்றில் கட்டி வளர்ப்பது அந்நாட்டில் வழக்கமாக நிலைத்தது. ஆனால் கட்டுண்ட பூனை எலி பிடிக்குமா? 1602 ஆம் ஆண்டில், பூனைகளின் கயிற்றை அவிழ்த்து விட வேண்டுமென்று கியோட்டோ நகரில் ஆணை பிறந்தது. அரசாணையால் விடுதலை பெற்ற பூனைகள் அவை!

அதே நாட்டின் ஓவியர் ஹிரோஷிகே, 1857 ஆம் ஆண்டில் எடோ நகரக் காட்சிகளை வரைந்த வரிசையில், மாடியறைச் சாளரத்தில் அமர்ந்த ஒரு வெள்ளைப் பூனையைத் தீட்டினார். மரக்கம்பிகளுக்கு அப்பால் வயல்வெளி. திருவிழாவிற்குச் செல்லும் மக்கள் கூட்டம். தொலைவில் ஃபூஜி மலை. வானில் பறந்து செல்லும் பறவைகள். அறைக்குள் மனிதர் எவரையும் ஓவியர் காட்டவில்லை. வெளியுலகைப் பார்க்கும் பொறுப்பைப் பூனையிடமே ஒப்படைத்து விட்டார். இன்று கோடிக்கணக்கான வீடுகளில் நிகழும் காட்சியை ஒன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே தீட்டிய சித்திரம் என்று நாம் அதைக் கொள்ளலாம்.

ஆயினும், பூனை முழுமையாக வீட்டிற்குள் குடியேறியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு வழி வகுத்தது களிமண் என்றால் வியப்பாக இருக்கும். அதுவரை மேல்நாட்டு வீடுகளில் பூனையின் கழிவிற்கு மணலையும் அடுப்புச் சாம்பலையுமே பயன்படுத்தினர். 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் லோ என்பவர், எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்கென விற்று வந்த ஒருவகைக் களிமண் குறுணையை, அண்டை வீட்டாரின் பூனைக்காகக் கொடுத்துப் பார்த்தார். ஈரத்தையும் நாற்றத்தையும் அது ஈர்த்துக் கொண்டது. அச்சிறு உதவி பெருந்தொழிலாக வளர்ந்தது. பூனை வெளியே செல்ல வேண்டிய கட்டாயங்களுள் முதன்மையானது அன்றோடு நீங்கிற்று. எலி பிடிக்கும் தேவையும் நகரங்களில் குறைந்தது. கதவு மெல்ல மெல்ல அடைபட்டது.

கதவை அடைக்க மற்றொரு காரணமும் இருந்தது. அது பறவைகளின் துயரம். 1916 ஆம் ஆண்டிலேயே மசாசூசெட்ஸ் மாநிலத்துப் பறவையியலார் எட்வர்ட் ஹோ ஃபோர்புஷ், பூனைகளால் பறவைகள் அழிவதைப் பற்றி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். 1949 ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், பூனைகள் கட்டுப்பாடின்றித் திரிவதைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன் ஒப்புதல் தர மறுத்தார். துணையின்றிச் சற்றே உலவி வருவது பூனையின் இயல்பு. பூனைக்கும் பறவைக்குமான பழம்பெரும் வழக்கில் அரசு தலையிட்டால், நாளை நாய்க்கும் பூனைக்கும், பறவைக்கும் புழுவிற்கும் இடையே கூடத் தீர்ப்பளிக்க நேரும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவ்வாதம் சுவையானது. ஆனால் பின்னர் வந்த கணக்குகள் நகைப்பை அடக்கி விட்டன. அமெரிக்க நாட்டில் மட்டும், வெளியே திரியும் பூனைகளால் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் மடிகின்றன என்று 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பங்கு, உரிமையாளர் இல்லாத பூனைகளால் நேர்வது. எனினும் வீட்டுப் பூனையின் பங்கும் சிறிதன்று. ஜெர்மனியின் வால்டோர்ஃப் நகரில், அருகி வரும் கொண்டை வானம்பாடிகளின் குஞ்சுகளைக் காக்கவென, 2022 ஆம் ஆண்டில் கோடை முழுதும் பூனைகளை வீட்டிற்குள் வைத்திருக்குமாறு ஒரு பகுதி மக்களுக்கு ஆணையிடப்பட்டது. ஆஸ்திரேலியத் தலைநகர் வட்டாரத்தில், 2022 ஜூலை 1 முதல் பிறக்கும் பூனைகள் அனைத்தும் வீட்டு எல்லைக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்பது சட்டமாயிற்று. 1602 இல் கியோட்டோவில் அவிழ்த்த கயிறு, நான்கு நூற்றாண்டுகள் கழித்து வேறு நாடுகளில் மீண்டும் கட்டப்பட்டது எனலாம்.

அவிழ்த்ததிலும் நியாயம் உண்டு; கட்டியதிலும் நியாயம் உண்டு. சிறகுள்ள உயிரும் இறைவனின் படைப்புத்தானே! வாகனங்களிலிருந்தும் நோய்களிலிருந்தும் பூனைக்கும் அடைப்பு காவலாகிறது. ஆனால் கதவை அடைத்தவன் மீது ஒரு கடன் ஏறி விடுகிறது. உலவுதலைப் பறித்துக் கொண்டவன், அதற்கீடாக எதைத் தந்தான்?

இவ்வினாவிற்கு முதல் விடையாக நிற்பது சாளரம். வீட்டிற்குள் வாழும் 577 பூனைகளைப் பற்றி 304 வளர்ப்போரிடம் வினவித் தொகுத்த ஆய்வு ஒன்று 2005 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சாளரத்தின் வழியே பூனைகள் நோக்குபவற்றுள் பறவைகளே முதலிடம் பெற்றன. சாளரத்திற்கு ஈடாகத் திரைப்படம் ஆகுமா? பெல்ஃபாஸ்ட் நகர ஆய்வாளர் இருவர், காப்பகத்துப் பூனைகள் 125 ஐக் கொண்டு இதைச் சோதித்து 2008 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தொலைக்காட்சிப் பெட்டியை அவை நோக்கிய நேரம் மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவே. அசையும் உருவங்கள் அவற்றைச் சற்றுக் கூடுதலாக ஈர்த்தன. ஆனால் நேரம் செல்லச் செல்ல ஆர்வம் தேய்ந்தது. பதிவு செய்த படம் ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டும். சாளரமோ நாள்தோறும் புதியது. காற்றில் இலை அசையும். அணில் எப்போது வருமென்று தெரியாது. வருமா வராதா என்னும் அந்தக் காத்திருப்பே பூனைக்கு விருந்து.

ஆனால் சாளரத்திலும் இரு தீங்குகள் உண்டு. திறந்து வைத்த உயர்மாடிச் சாளரம் பூனைக்கு ஆபத்தாகும். 1984 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து விலங்கு மருத்துவமனை ஒன்றிற்கு, உயரத்திலிருந்து விழுந்த 132 பூனைகள் ஐந்தே மாதங்களில் கொண்டு வரப்பட்டன. உறுதியான வலை இதற்குப் பாதுகாப்பு. மற்றொரு தீங்கு பறவைக்கு நேர்வது. கண்ணாடியை வெட்டவெளி என்று எண்ணி மோதி, அமெரிக்காவில் ஆண்டுதோறும் 36 கோடிக்கு மேல், 99 கோடிக்குள் பறவைகள் மாள்கின்றன என்று 2014 ஆம் ஆண்டின் மதிப்பீடு கூறுகிறது. பூனையின் வாயிலிருந்து காத்த பறவையைக் கண்ணாடிக்குப் பலியிடுவது என்ன காவல்? கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமான கோடுகளோ புள்ளிகளோ இட்டால் பறவை விலகிச் செல்லும். பூனையின் பார்வைக்கும் பெருந்தடை இராது.

பூனையைக் கட்டி வைத்து, உணவும் தராமல், பூமியில் ஊர்வனவற்றைத் தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி அதன் காரணமாகத் தண்டனைக்கு ஆளானாள் என்னும் ஹதீஸ் நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்றுள்ள அச்செய்தியில், அவள் மீது விழுந்த குற்றம் ஒரு வாயிலை அடைத்து, மறு வாயிலையும் திறக்காமல் விட்டது. அதனின்று, பூனையை அடைத்து வளர்ப்போர் அதற்கு உணவும் நீரும் அளிக்கக் கடமைப்பட்டவர் என்று மார்க்க அறிஞர் விளக்கினர்.

உணவும் நீரும் உயிரைக் காக்கும். கண்ணும் காதும் வேட்டைக்கென்றே படைக்கப்பட்ட உயிருக்கு, நாள் முழுதும் நான்கு சுவர்களை மட்டும் காட்டி வைப்பதும் ஒருவகைப் பட்டினியே. எனவே பூனையை உள்ளே வைக்க முடிவு செய்த குடும்பத்தினர், வெளிச்சம் வரும் சாளரம் ஒன்றன் கீழே அது ஏறி அமர ஒரு பலகையை இடுக, திரையை விலக்கி வைக்க, வலையைச் சரிபார்க்க, மாலையில் சிறிது நேரம் நூற்கண்டோ இறகோ அசைத்து அதனோடு விளையாடுக. பூனையிடமிருந்து நாம் எடுத்துக் கொண்டது ஒரு தெருவையும் ஒரு தோட்டத்தையும். திருப்பித் தருவது ஒரு பலகை அகலமே ஆயினும், அதைத் தராமல் இருத்தல் ஆகாது.