சம்பளமும் சொத்தும்: நகர்ப்புற வீட்டு வசதியை அளக்கும் அளவுகோல் பற்றி

இந்திய நகரங்களில் ஒரு குடும்பம் வீடு வாங்குமா என்பதை அதன் மாத வருமானத்தைவிட அதன் கையிருப்புச் சொத்தே தீர்மானிக்கிறது. அரசின் வீட்டு வசதித் திட்டங்களோ பெரும்பாலும் வருமானத்தையே அளக்கின்றன. இந்தப் பொருத்தமின்மை, மக்கள் தங்கள் செல்வநிலையை எடைபோடும் விதத்தையும் குழப்புகிறது.

உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23-ல் வயதுவந்த இந்தியர்களில் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் சுமார் 1.05 லட்சம் ரூபாயை எட்டவில்லை, ஏறத்தாழ 2.9 லட்சம் ஈட்டியவர் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டில் இடம்பெற்றார். கணவனும் மனைவியும் ஆளுக்கு 25,000 ரூபாய் மாதச் சம்பளம் வாங்கினால், அந்த ஆண்டுக் கணக்கில் இருவருமே அந்தப் பத்து விழுக்காட்டில் அடங்குவர். ஆனால் 3 முதல் 6 லட்சம் வரை ஆண்டு வருமானம் உள்ள குடும்பங்களைப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 'குறைந்த வருவாய்ப் பிரிவு' என்றே வகைப்படுத்துகிறது. அந்தத் தம்பதியரும் தங்களைச் செல்வர்களாக நினைப்பதில்லை.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. புவனோஸ் அய்ரஸ் நகரக் குடும்பங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வொன்று, ஏழைகள் தங்கள் இடத்தை உயர்த்தியும் வசதியுள்ளோர் தாழ்த்தியும் மதிப்பிடுவதைக் காட்டியது. அக்கம்பக்கத்தாரோடும் உறவினரோடும் ஒப்பிட்டே மனிதர் தம் நிலையை அறிகிறார்கள் என்ற விளக்கம் சரியானதே. ஆயினும் அது போதாது. வீட்டு விலை வேறொரு காரணத்தைத் தருகிறது.

மேற்சொன்ன குடும்பத்தின் மாத வருமானம் 50,000 ரூபாய். அதில் நாற்பது விழுக்காட்டை வங்கித் தவணைக்கு ஒதுக்கினால், 8.5 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுகளுக்குச் சுமார் 23 லட்சம் கடன் கிடைக்கும். 35 லட்சம் ரூபாய்க்கு மறுவிற்பனைக் குடியிருப்பு ஒன்று அமைவதாகக் கொள்வோம். மீதி 12 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து மேலும் மூன்று லட்சத்தைத் தாண்டும். ஆக, முப்பது மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகை சாவி கைக்கு வருமுன்பே தேவை. ஊரில் விற்பதற்கு நிலம், அடகு வைக்க நகை, கைகொடுக்கும் மாமனார் இவற்றில் ஒன்றிரண்டு உள்ளவர் வீட்டுக்காரர் ஆகிறார். அதே சம்பளம் வாங்கும் மற்றவர் வாடகை வீட்டிலேயே தங்கிவிடுகிறார். வருமானக் கணக்கெடுப்பில் இருவரும் ஒரே படியில்தான் தெரிவார்கள்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் 2024-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய். அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளில், கடன் வாங்கிய பிறகு வருகிறது. முன்பணம் என்ற முதல் தடையை அது தொடுவதே இல்லை.

அளவுகோல்களிலும் ஒருமை இல்லை. 103-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஒட்டி 2019-ல் வந்த இடஒதுக்கீட்டில், 'பொருளாதாரத்தில் நலிந்தோர்' என்பதற்கான குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். வீட்டு வசதித் திட்டத்தில் அதே பெயருக்கு 3 லட்சம். அரசே இப்படி வரையறுக்கும்போது குடும்பங்கள் தடுமாறுவதில் வியப்பில்லை.

விலை ஏன் சம்பளத்தோடு ஒட்டாமல் நிற்கிறது? ரிசர்வ் வங்கியின் குடும்ப நிதிக் குழு 2017-ல் தந்த அறிக்கையின்படி, சராசரி இந்தியக் குடும்பச் சொத்தில் 77 விழுக்காடு நிலமும் கட்டடமும், தங்கம் 11, நிதிச் சேமிப்பு வெறும் 5. வீடு குடியிருக்க மட்டுமல்ல, செல்வத்தைப் பூட்டிவைக்கவும் வாங்கப்படுகிறது. 2012-ல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் கீழ்நிலை வருவாய்ப் பிரிவினருடையது. அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. இந்த இரு எண்களையும் சேர்த்துப் படித்தால், விலையை உயர்த்துவது வீடு தேடுவோரின் சம்பளம் அல்ல, ஏற்கெனவே சொத்துள்ளோரின் சேமிப்பு என்ற முடிவுக்கே வர வேண்டியுள்ளது.

எனவே தகுதியை நிர்ணயிக்கும்போது வருமானச் சான்றிதழோடு குடும்பத்தின் நிலம், நகை, கடன் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பு இத்தகைய விவரங்களைப் பல பத்தாண்டுகளாகத் திரட்டிவருவதால், இதற்கான முறை புதிதாகத் தேடப்பட வேண்டியதில்லை. சொத்தில்லாத குடும்பத்துக்கு வட்டி மானியத்தைவிட, முன்பணத்துக்கு நேரடி உதவியும் நீண்டகால வாடகைக் குடியிருப்புமே பயன்படும்.