பாலர் நெஞ்சில் இறைபத்தி: நாவலர் பெருமான் காட்டிய நெறி

தாயின் கையைப் பற்றி நடக்குங் குழவி வழி யாதென வினவுவதில்லை. பற்றிய கையே அதற்குத் துணிவாம். திருவருளினிடத்தும் அத்தகைய உறுதியைப் பாலர்க்கு இளமையிலேயே உண்டாக்குமாறு எங்ஙனம் என்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் என்றும் உள்ளதொரு வினா. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான் (1822-1879) இவ்வினாவுக்குத் தம் செய்கையாலேயே விடை பகர்ந்தனர்.

வெசுலியன் சங்கத்தார் 1814-ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனரிமார் 1816-ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணம் போந்து பாடசாலைகள் பல நிறுவினர். ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும் விரும்பிய சைவர் தம் மக்களை அவற்றிற்கு விடுத்தனர். வீட்டிலே திருநீற்றுப் பொலிவு. பள்ளியிலே அதனை மறுக்குஞ் சொல். இவ்விரண்டனுக்கும் இடையே பாலர் நெஞ்சம் அலைந்தது. ஐயந்தீர்க்க வேண்டிய பெற்றோருட் பலர் தாமே விடையறியாராயினர். பாலர்க்கு நேர்ந்த இடர் இதுவேயாம்.

நாவலர் இந்நிலையை உள்நின்று உணர்ந்தவர். வெசுலியன் பாடசாலையிற் பயின்று, ஆண்டே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழிற் பெயர்த்தபோது துணைபுரிந்தவர். 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கந் தொடங்கினர். 1848-ஆம் ஆண்டில் உத்தியோகத்தைத் துறந்து, அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். பாலர்க்கு நூல்கள் வேண்டுமன்றோ! ஆதலின் 1849-இல் அச்சியந்திரம் பெறச் சென்னைக்குச் சென்றனர். அப்பயணத்தின்போதே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் அருளினர்.

அவர் இயற்றிய சைவ வினாவிடையின் வைப்புமுறை ஊன்றி நோக்கற்பாலது. வினாவும் விடையுமாகக் கற்பித்தல் பாதிரிமாரும் கையாண்ட முறையே. நன்முறை எவரிடத்திருப்பினும் கொள்ளத்தக்கதென்க. முதற்புத்தகம் கடவுளியல்பு, புண்ணிய பாவம், விபூதி, திருவைந்தெழுத்து, நித்திய கருமம், சிவாலய தரிசனம் என்பவற்றை உணர்த்தும். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளாராய்ச்சி இரண்டாம் புத்தகத்திற்கே உரித்தாயிற்று. சரியை முதலாக ஞானம் ஈறாகிய படிமுறை பாலர் கல்விக்கும் பொருந்துமாறு இதனால் விளங்கும். நீறணியக் கை பழகி, திருவைந்தெழுத்தை நாப் பயின்று, திருக்கோயிலை வலஞ்செய்யக் கால் அறிந்த பின்னரே, தத்துவம் அறிவில் வேரூன்றும். வாதம் முற்பட்டு அன்பு பிற்படின், பாலன் வாயாடியாவானன்றி அன்பனாகான்.

பாலபாடங்களும் இந்நெறியினவே. நான்காம் பாலபாடத்திலே கடவுள், ஆன்மா, கடவுள் வழிபாடு என்பவற்றோடு கொலை, களவு, கள்ளுண்ணல் முதலியவற்றை விலக்கலும் சேர்ந்தே நிற்கும். இறைவனை நம்புதல் வேறு, நல்லொழுக்கம் வேறு எனப் பாலன் பிரித்தெண்ணுதற்கு இடமில்லை.

1852-இல் நாவலர் பெரியபுராணத்தை வசனநடையில் வெளியிட்டனர். கற்றோர்க்கே எட்டிய நாயன்மார் சரிதம் இல்லந்தோறும் படித்துக் கேட்பிக்கத் தக்கதாயிற்று. சீகாழித் திருக்குளக்கரையிலே, பால் தந்தார் யாரெனத் தந்தையார் கோலோச்சி வெகுண்டு வினவியபோது, ஆளுடைய பிள்ளையார் அஞ்சாது தோணியப்பரைச் சுட்டிக்காட்டினர். மூன்றாண்டுக் குழவியின் அவ்வுறுதியைச் செவிமடுத்த பாலன், பிறர் தன்னை வினவுங்கால் தலைகுனியான்.

எனினும் நூல்கள் மாத்திரையான் இது கைகூடாது. ஊதியத்தை விடுத்துச் சிவனே துணையெனத் துணிந்த ஆசிரியரைத் தம் மாணாக்கர் கண்முன் கண்டனர். கண்டதே அவர்க்கு முதற்பாடமாயிற்று. 1864-இல் சிதம்பரத்திலும் அவர் வித்தியாசாலை தாபித்ததும் இத்துணிவினாலேயாம். தாம் வழிபடாத பெற்றோர் மக்களை வழிபடுமாறு ஏவுதலும், இறைவன் தண்டிப்பானென அச்சுறுத்தலும் வினாவிடையை நெட்டுருவாக்குமேயன்றிப் பத்தியை விளைவியா. ஆதலின், அந்தியிலே விளக்கேற்றித் தாமும் மக்களும் ஒருங்கிருந்து திருமுறை ஓதி, நாயன்மார் சரிதம் ஒன்றேனும் படித்தல் சைவப் பெற்றோர் கடனாம். பெரியோர் பற்றிய கையையே சிறியோரும் பற்றுவரென்க.

திருச்சிற்றம்பலம்.