சிறாரின் உளநெருக்கீட்டைக் கண்டறிதல் (யாழ்ப்பாணக் குடாநாடு)

சிறுவர், இளையோரின் உளநெருக்கீட்டை, அது முற்றுமுன் வினாக்கொத்து, நேர்காணல், வகுப்பறை அவதானிப்பு ஆகியவற்றால் இனங்காணும் முறை. இது நோய் நிர்ணயம் அன்று. மேலதிகப் பரிசோதனை யாருக்குத் தேவை என்பதையே காட்டும்.

குடாநாட்டில் இதன் தேவையைப் போரும் இடப்பெயர்வும் உணர்த்தின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் ‘மனவடு’ (1993) என்னும் நூல் உளநெருக்கீட்டைத் தமிழில் எடுத்துரைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சில வாரங்களில் வடமராட்சி மணற்காடு, தெற்கே கொஸ்கொட, காலி ஆகிய இடங்களில் 8–14 வயதுச் சிறார் 264 பேரை ஆய்வாளர்கள் நேர்கண்டனர். பேரலை தந்த மனவடுப் பாதிப்பு இடத்துக்கிடம் 14 முதல் 39 வீதமானோரிடம் காணப்பட்டது.

உலகெங்கும் புழங்கும் கருவிகளுள் ஒன்று ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட ‘பலங்களும் இடர்களும்’ வினாக்கொத்து. அதில் 25 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். அடிக்கடி தலையிடி, வயிற்றுவலி என முறையிடுவதும் அதில் ஒரு கூற்று. கவலையை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை அதை உடல்நோவாகச் சொல்வதுண்டு.

கண்டறிந்தால் மட்டும் போதாது. வட இலங்கையில் 399 சிறாரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், 15 அமர்வுகள் கொண்ட வகுப்பறை உளநலத் திட்டம் எல்லோருக்கும் ஒரேயளவு பயன் தரவில்லை. ஆகவே இனங்காணப்பட்ட பிள்ளையைப் பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடமோ வைத்தியசாலை உளநலப் பிரிவிடமோ ஒப்படைக்கும் ஏற்பாடு முன்கூட்டியே இருத்தல் வேண்டும். இலங்கையின் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.