வலப்பக்க ஜன்னல்

கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ லண்டனுக்குப் பகல் விமானத்தில் போகிற நண்பர்கள் எந்த இருக்கை நல்லது என்று கேட்டால், வலப்பக்க ஜன்னல் என்று சொல்வேன். விமானம் வடமேற்கே போகிறது. சில மணி நேரத்தில் சூரியன் தெற்குப் பக்கம், அதாவது இடப்பக்கம் வந்துவிடும். அங்கே இருப்பவர்கள் கண் கூசி மூடியை இழுத்துவிடுவார்கள். வலப்பக்கம் நிழல். வானம் தெளிந்து, அன்றைய பாதையும் ஒத்துவந்தால், வட இந்தியாவுக்கு மேலே போகும்போது தூரத்தில் இமயத்தின் பனிக்கோடு தெரியும். இன்னொன்று: என்ஜினுக்கு நேர் பின்னால் உட்காராதீர்கள். அதன் வெப்பக் காற்றில் மலை, மேகம் எல்லாம் நெளிந்துதான் தெரியும்.

இந்தப் பக்கக் கணக்கு விமானத்தோடு பிறந்ததில்லை. ஆங்கிலத்தில் ஆடம்பரத்தைக் குறிக்கும் ‘பாஷ்’ என்ற சொல்லுக்கு ஒரு பிரபலமான கதை உண்டு. இந்தியாவுக்குக் கப்பலேறிய துரைமார்கள் போகும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டு வாங்கினார்களாம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தச் சொல்லாம். அப்படி அச்சிட்ட டிக்கெட் ஒன்றுகூட கிடைத்ததில்லை. சொல்லாராய்ச்சியாளர்கள் இதைக் கட்டுக்கதை என்று எப்போதோ ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் செங்கடலில் மத்தியானத்துக்கு மேல் எந்தப் பக்கம் வெயில் காயும் என்பது கட்டுக்கதை இல்லை. பணம் இருந்தவர்கள் நிழலைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை.

நம் ஆட்களுக்கு அந்தத் தேர்வே இருந்ததில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிவந்த ரஜூலா, 1926இல் கட்டப்பட்ட கப்பல். அதில் பெரும்பாலானோர் டெக் பயணிகள். சிறுமியாக அதில் வந்த என் பாட்டியிடம் ஜன்னல் வழியாக என்ன பார்த்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “ஜன்னலா? மேல தார்ப்பாய், கீழ பலகை. வாந்தி எடுக்கவே நேரம் சரியா போச்சு, இதுல வேடிக்கை எங்க பாக்குறது?” என்றார்.

வேடிக்கை பார்க்கும் வசதி வானத்தில்தான் வந்தது, அதுவும் மிகச் சிலருக்கு. இம்பீரியல் ஏர்வேஸ் 1933 இறுதியில் சிங்கப்பூரை எட்டியது. 1938இல் பறக்கும் படகுகள் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிலிருந்து சிங்கப்பூர் வழியாக சிட்னி வரை போயின. மொத்தம் பத்து நாள் அளவு. 1937இல் திறந்த காலாங் விமான நிலையத்தில் மற்ற விமானங்கள் இறங்கும் தரை ஒரு பக்கம், இவை இறங்க நீர்ப்பரப்பு ஒரு பக்கம். அந்தப் படகுகளில் ‘உலாவும் அறை’ ஒன்று இருந்தது. பயணிகள் எழுந்துபோய், பெரிய ஜன்னலோரம் முழங்கையை ஊன்றி நின்றபடி கீழே பார்க்கலாம். உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி இல்லாததால் தாழ்வாகத்தான் பறந்தார்கள். ஆறும் தோப்பும் பாய்மரமும் தனித்தனியாகத் தெரியும் உயரம். இரவில் இறங்கி ஹோட்டலில் தூங்கினார்கள். விமான ஜன்னலுக்கு அதைவிட நல்ல காலம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜெட் வந்ததும் ஜன்னல் ஒரு பொறியியல் பிரச்சினை ஆனது. டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் காமெட், உலகின் முதல் ஜெட் பயணி விமானம். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் நோக்கிச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு சிங்கப்பூருக்கும் வந்தது. நாட்கணக்கில் ஆன பயணம் மணிக்கணக்குக்குச் சுருங்கியது. 35,000 அடிக்கு மேல் காற்று மெலிது. அதனால் குலுக்கல் குறைவு, எரிபொருளும் மிச்சம். ஆனால் மனிதர் மூச்சுவிட, உள்ளே காற்றை அடைத்து வைத்தாக வேண்டும். காமெட்டில் உள்ளழுத்தம் வெளியைவிடச் சதுர அங்குலத்துக்கு 8.25 பவுண்டு அதிகம். ஓரடிக்கு ஓரடி கண்ணாடி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் மேல் விழும் விசை 1,188 பவுண்டு, ஏறத்தாழ 540 கிலோ. ஒரு பழைய கஞ்சில் காரின் முக்கால்வாசி எடை. ஏறும்போது இந்தச் சுமை வரும், இறங்கினால் போகும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தடவை. பேப்பர் கிளிப்பை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கடைசியில் பட்டென்று ஒடியும் இல்லையா, உலோகச் சோர்வு என்பது அதுதான். உடற்சுவரில் ஓட்டை போட்ட இடத்தில், அதுவும் மூலைகளில், இந்தச் சுமை குவியும்.

1954 ஜனவரி 10 அன்று நடந்ததை நாம் ஐரோப்பிய விபத்தாகவே படிக்கிறோம். அந்த விமானம் கிளம்பியது சிங்கப்பூரிலிருந்து. காலாங்கில் புறப்பட்டு பாங்காக், ரங்கூன், கல்கத்தா, கராச்சி, பஹ்ரைன், பெய்ரூட் என்று தொட்டுத் தொட்டு ரோம் போய்ச் சேர்ந்தது. ரோமிலிருந்து மேலேறிய கொஞ்ச நேரத்தில் எல்பா தீவுக்கு அருகே வானத்திலேயே உடைந்து கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். போர் வரலாற்றாசிரியர் செஸ்டர் வில்மாட்டும் அதில் இருந்தார். 1952இல் ஜொகன்னஸ்பர்க் போன அதே விமானம்தான் இது, பெயர் யோக் பீட்டர். இதற்கு முந்தைய ஆண்டு மே 2 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போன இன்னொரு காமெட் கல்கத்தாவில் மேலேறிய சில நிமிடங்களில் புயலில் சிக்கி நொறுங்கி 43 பேர் இறந்திருந்தார்கள்.

எல்பாவுக்குப் பிறகு பி.ஓ.ஏ.சி. தன் காமெட்டுகளைத் தரையில் நிறுத்தியது. காரணம் தெரியவில்லை. சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் மாற்றங்கள் செய்து மார்ச் 23 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று ரோமிலிருந்து கெய்ரோ போன காமெட் இத்தாலியின் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர். இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது ஜன்னலின் வடிவம் இல்லை, அந்த மார்ச் 23தான். இன்னும் காரணம் தெரியவில்லை என்று கையெழுத்துப் போட ஒரு பொறியாளருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் நடந்த விசாரணை நிஜமாகவே மகத்தானது. ஃபார்ன்பரோவில் ஆர்னால்ட் ஹால் தலைமையில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே தண்ணீரை ஏற்றி அழுத்தம் கொடுத்து, பிறகு விட்டு, பயணம் பயணமாக நடித்துக் காட்டினார்கள். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. அதனால் உடல் கிழிந்தாலும் வெடித்துச் சிதறாது, கிழிந்த இடம் அப்படியே இருக்கும். உண்மையில் பறந்ததையும் தொட்டியில் நடித்ததையும் சேர்த்து 3,057ஆவது பயணத்தில் அது கிழிந்தது. யோக் பீட்டர் விழும்போது 1,290 பயணம்தான் முடித்திருந்தது. டி ஹாவிலண்டின் பழைய சோதனையில் உடற்பகுதி இதைவிடப் பல மடங்கு தாங்கியிருந்தது. ஆனால் அவர்கள் சோதித்த அதே துண்டை முன்னதாக மிக அதிக அழுத்தத்துக்கு உட்படுத்தியிருந்தார்கள். அது மூலைகளில் இருந்த உலோகத்தை இறுக்கி, சோதனைத் துண்டுக்கு மட்டும் நீண்ட ஆயுளைக் கொடுத்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு இந்தப் பாடம் ஒரே வரியில் வந்தது: சதுர ஜன்னல், மூலையில் விரிசல், அதனால்தான் இன்று வட்ட ஜன்னல். தேர்வுக்கு அது போதும். உண்மையில் காமெட்டின் ஜன்னல் மூலைகள் ஏற்கெனவே வளைவாகத்தான் இருந்தன, வளைவு போதவில்லை, அவ்வளவுதான். தொட்டியில் கிழிந்தது அவசர வழியாகப் பயன்படும் ஜன்னலின் மூலையில். கடலிலிருந்து எடுத்த யோக் பீட்டரில் முறிவு தொடங்கிய இடமோ கூரையில் இருந்த ஒரு திறப்பு. திசைகாட்டும் ஏரியலுக்காகப் போட்டது. அதையும் ‘ஜன்னல்’ என்றுதான் அழைத்தார்கள், ஆனால் யாரும் அதன் வழியாக எதையும் பார்த்ததில்லை. அதே காலத்தில் வைக்கர்ஸ் வைகவுண்ட், இன்றைய ஜன்னல்களைவிடப் பெரிய நீள்வட்ட ஜன்னல்களோடு பத்திரமாகப் பறந்துகொண்டிருந்தது. காமெட்டைவிடத் தாழ்வாகவும் குறைந்த அழுத்தத்திலும்தான், இருந்தாலும் பெரிய ஜன்னலே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. மூலை, தகட்டின் கனம், ரிவெட்டுக்குப் போட்ட துளை, நம்பிய சோதனை எல்லாம் சேர்ந்துதான் ஆபத்து. ‘சதுர ஜன்னல்’ என்று சொல்லும்போது ஒரு வடிவத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு மற்ற எல்லோரும் தப்பித்துவிடுகிறோம்.

திருத்திய காமெட் 4, நல்ல வளைவான ஜன்னல்களோடு 1958இல் வந்தது. 1960களில் மலேசியன் ஏர்வேஸும் அதை ஓட்டியது. இன்று உங்கள் ஜன்னலில் மூன்று பலகைகள். வெளிப்பலகைதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. நடுப்பலகையின் கீழே ஊசிமுனை போல ஒரு துளை, சில சமயம் அதைச் சுற்றிப் பனிப்பூ பூத்திருக்கும். அந்தத் துளை இருப்பதால் நடுப்பலகை மேல் சுமை விழாது. வெளிப்பலகை போனால்தான் அதற்கு வேலை. நீங்கள் மூக்கை ஒட்டிக்கொள்ளும் உள்பலகை கீறல் படாமல் காக்க மட்டும்.

போயிங் 787இன் உடல் கார்பன் இழையால் ஆனது. அலுமினியம் போல அது சோர்வதில்லை என்பதால் ஜன்னல் 47 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு மூடி கிடையாது, பொத்தான்தான். பணியாளர்கள் மொத்தக் கேபினின் ஜன்னல்களையும் ஒரே இடத்திலிருந்து இருட்டாக்கலாம். போன பயணத்தில் சாப்பாட்டுத் தட்டை எடுத்ததும் அதைத்தான் செய்தார்கள். பகல் ஒரு மணி, வெளியே எங்கோ இமயம், என் ஜன்னலில் மைநீலம். பணிப்பெண் தமிழ்க்காரர். கொஞ்சம் திறந்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“எல்லாரும் படம் பாக்குறாங்க, தூங்குறாங்க அண்ணே. பின்னால கதவுகிட்ட சின்ன ஜன்னல் ஒண்ணு இருக்கு, வேணும்னா அங்க வந்து பாருங்க.”

போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.