வலி இல்லாத கால்களுக்காகப் பிறந்த ரப்பர்

குதிகால் வலி என்று போனாலும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கப் போனாலும், “எம்.சி.ஆர். செருப்பு போடுங்க” என்று டாக்டர் சொல்வது தமிழ்நாட்டில் இன்று வழக்கமாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி உள்ள தெருக்களின் செருப்புக் கடைகளில் அதற்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னக் காற்றறைகள் நிறைந்த ரப்பர் ஷீட். வலிக்கும் காலுக்குச் சுகம் தருவதற்காக வந்த பொருள் என்றே வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் வலியே தெரியாத கால்களைக் காப்பாற்றத்தான் அது மருத்துவச் செருப்புக்குள் வந்தது. அந்த வேலை பெருமளவு நடந்த இடமும் நம் வேலூர்தான்.

கொல்லிமலையில் 1914இல் ஒரு மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் பால் பிராண்ட். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன் அவரை அங்கே அழைத்துப்போய் நோயாளிகளைக் காட்டினார். மடங்கிப்போன கைவிரல்கள், குட்டையாகிப்போன கால்கள், ஆறாத புண்கள். எலும்பு மருத்துவர்கள் யாரும் இவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது காக்ரேனின் ஆதங்கம். பிராண்டின் வாழ்க்கை அன்று திசை மாறியது.

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி உதிரும் என்றுதான் அப்போது மருத்துவர்களில் பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் வந்து சேர்ந்த முடிவு வேறு. கிருமி தாக்குவது நரம்பை. நரம்பு செத்தால் உணர்ச்சி போய்விடும். அதன்பின் விரலையும் பாதத்தையும் அழிப்பவை அன்றாடக் காயங்கள். சூடான பாத்திரம், துருப்பிடித்த பூட்டு, செருப்புக்குள் துருத்திய ஆணி. தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்துவிட்டுப் போனதைக்கூட உணராதவர்கள் இருந்தார்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குப் வளர்க்கச் சொல்லி ஒரு பூனையைக் கொடுத்தனுப்பியது வேலூர் குழு.

கைக்குப் பூனையும் கவனமும் உதவின. காலின் சிக்கல் அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. ஆணியோ முள்ளோ குத்தாமல், வெறுமனே நடந்ததிலேயே புண் வந்தது. உணர்ச்சியுள்ள மனிதன் வெகுதூரம் நடக்கும்போது அவன் அறியாமலேயே நடை மாறுகிறது. குதிகால் சூடேறினால் எடை முன்பாதத்துக்குப் போகும், அங்கே காந்தல் எடுத்தால் ஓரத்துக்குப் போகும், கொப்புளம் வந்தால் நொண்டுவான். உணர்ச்சியற்ற கால் முதல் அடியை வைத்த மாதிரியே கடைசி அடியையும் வைக்கிறது. விரல் மூட்டுகளுக்கு அடியில் உள்ள அதே இடம் ஆயிரக்கணக்கான முறை அழுந்துகிறது. விரல்கள் மடங்கியிருந்தால் அந்த எலும்பு முனைகள் இன்னும் கீழே இறங்கியிருக்கும். தோலுக்கு அடியில் முதலில் வீக்கம், பிறகு சிதைவு, கடைசியில்தான் வெளியே தெரியும் புண். ஓர் அடியின் அழுத்தம் தீங்கில்லாததுதான். அதே இடத்தில் அது ஓயாமல் திரும்பத் திரும்ப விழுவதுதான் தீங்கு.

வந்துவிட்ட புண்ணை ஆற்ற ஒரு வழி இருந்தது. 1930களிலேயே இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் போன்றவர்கள் காலுக்கு மாவுக்கட்டு போட்டு உள்ளங்கால் புண்ணை ஆற்றியிருந்தார்கள். கட்டு எடையைக் கால் முழுவதும் பரப்பிவிடும். புண் ஆறிவிடும். கட்டைப் பிரித்து, பழைய செருப்பை மாட்டி அனுப்பினால் சில மாதங்களில் அதே இடத்தில் அதே புண். மாவுக்கட்டு செய்த வேலையைத் தினமும் செய்யக்கூடிய செருப்பு தேவைப்பட்டது.

மரத்தில் குடைந்து பார்த்தார்கள், மெழுகில் பாதத்தை அச்செடுத்துப் பார்த்தார்கள், பிளாஸ்டிக்கில் வார்த்துப் பார்த்தார்கள். கெட்டியான பொருள் எதுவும், பாதத்தின் வடிவத்தோடு இம்மி பிசகினாலும் அந்த இடத்தில் புதுப் புண்ணைக் கிளப்பியது. பஞ்சு போன்ற மெத்தை எடை ஏறியதும் அமுங்கி அடித்தட்டில் போய் முட்டியது. எலும்பு முனைக்கு வழிவிட்டு அமுங்கவும் வேண்டும், அமுங்கிய பின்னும் தாங்கவும் வேண்டும், கால் எடுத்ததும் மீளவும் வேண்டும். வேலூரிலும், 1955இல் தொழுநோய் ஆராய்ச்சிக்கென்று அருகிலேயே தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனையிலும் நடந்த முயற்சிகளில் இதற்குப் பொருந்தி வந்தது நுரை ரப்பர், அதாவது எம்.சி.ஆர்.

அது செய்யப்படும் விதத்திலேயே அதன் குணம் இருக்கிறது. இயற்கை ரப்பரை இரட்டை உருளை மில்லில் பிசைந்து, கந்தகம், நிரப்பிகள், வெப்பத்தில் வாயுவை வெளிவிடும் வேதிப்பொருள் எல்லாம் சேர்க்கிறார்கள். அச்சில் வைத்துச் சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் ரப்பர் வேகிறது. உள்ளே வாயு பிறக்கிறது, ஆனால் விரிய இடமில்லை. பிரஸ்ஸைத் திறந்த நொடியில், எண்ணெயில் விழுந்த பூரிபோல ஷீட் உப்பி அச்சைவிடப் பெரிதாகிவிடும். பிறகு மறுபடியும் சூட்டில் வைத்து அதன் அளவை நிலைப்படுத்தி, மேல்தோலைச் சீவி, வேண்டிய கனத்துக்கு அறுக்கிறார்கள்.

உள்ளிருக்கும் அறைகள் ஒன்றோடொன்று திறந்திராமல் தனித்தனியாக மூடியிருப்பது முக்கியம். ஸ்பாஞ்ச் தண்ணீரையும் வியர்வையையும் புண்ணின் கசிவையும் உறிஞ்சிக்கொள்ளும். மூடிய அறை உறிஞ்சாது, கழுவித் துடைத்தால் போதும். ஒவ்வோர் அறையிலும் சிறைப்பட்ட காற்றுதான் அமுங்கி மீளும் விசையைத் தருகிறது.

அடுத்தது கடினத்தன்மை. ரப்பரின் கடினத்தன்மையை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள். கார் டயர் 60, 70 வரை வரும். உணர்ச்சியற்ற காலுக்கான எம்.சி.ஆர். 15 முதல் 20க்குள் இருக்க வேண்டும். கனம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. அதற்குக் கீழே டயர் ரப்பர் போன்ற கெட்டியான அடித்தட்டு, கல்லும் முள்ளும் ஏறாமலிருக்க. பின்வார் கட்டாயம், ஏனென்றால் செருப்பு கழன்று விழுந்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. ஆணி அடிக்கக்கூடாது. ஒட்டுவதும் தைப்பதும்தான். உருக்குலைந்த பாதம் என்றால் அடித்தட்டு வளையாதபடி விறைப்பாக, முன்னால் சற்றே உருண்டு எழும்படி செய்வார்கள். இப்படி ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் காலில் வந்த புண் இருக்கிறது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு ஷீட் உருவானது. 1933இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த பாலிதீனை, மிகுந்த அழுத்தத்தில் நைட்ரஜனை ஏற்றி நுரைக்க வைத்ததால் கிடைத்தது பிளாஸ்டசோட். சுமார் 140 டிகிரி சூட்டில் சில நிமிடங்கள் வைத்தால் இளகும், அதன்மேல் காலை வைத்து நின்றால் பாதத்தின் அச்சு அப்படியே பதியும். அணிகிறவரின் எலும்புக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. சீக்கிரம் தட்டையாகிவிடுவது அதன் குறை. இ.வி.ஏ. என்ற இன்னொரு பிளாஸ்டிக் நுரை இன்னும் கெட்டியாகவும் கிடைக்கும், இயந்திரத்தில் செதுக்கலாம், உழைக்கும். அதனால் மருத்துவச் செருப்பு செய்யும் இன்றைய ஆர்த்தோட்டிக் பட்டறைகளில் ஒரே ஷீட்டை நம்புவதில்லை. தோலுக்கு அடுத்து மிருதுவானது, நடுவில் மீள்விசையுள்ளது, அடியில் கெட்டி இ.வி.ஏ. என்று அடுக்குகிறார்கள்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூயிசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் செய்த ஒரு முயற்சிதான் இந்த ரப்பர் ஷீட்டின் அருமையை எனக்கு விளக்கியது. செயற்கையாக வலியை உண்டாக்க முடியுமா என்று அவருடைய குழு பார்த்தது. கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் மின்கருவிகளைப் பொருத்தினார்கள். அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. சரி என்று, உணர்ச்சி மிஞ்சியிருந்த இடத்தில் மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வேலையை முடித்தே ஆகவேண்டும் என்கிறபோது நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

எச்சரிக்கையை மனிதன் கேட்க வேண்டும், கேட்டு நடக்க வேண்டும். வயலுக்கும் சந்தைக்கும் நடந்தே ஆகவேண்டிய ஏழையிடம் நடக்காதே என்று சொல்வதில் பயனில்லை. நுரை ரப்பர் யாரையும் எச்சரிக்காது, நடையையும் தடுக்காது. காலுக்கடியில் கிடந்து, அழுத்தத்தை ஒரு புள்ளியிலிருந்து எடுத்துப் பாதம் முழுவதும் பரப்பிவிடும். அணிந்திருந்தால் போதும்.

அணிவதில்தான் ஒரு பெரிய தடை வந்தது. அரசு தொழுநோய்த் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு ஜோடி என்று இலவசமாகக் கொடுத்த கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு, பார்த்தவுடன் நோயைச் சொல்லிக்கொடுக்கும் அடையாளமாகிப் போனது. பேருந்தில் ஏறினால் முகத்தைப் பார்க்கும் முன் செருப்பைப் பார்த்தார்கள். நோய் குணமான பிறகும் பலர் அதைப் போட மறுத்தார்கள். வார் வைப்பதில், நிறத்தில், வேலைப்பாட்டில் கடைச் செருப்புபோலவே செய்யத் தொடங்கியது பிறகுதான். கௌரவமும் காலைக் காக்கும் மருந்துதான் என்று செருப்புப் பட்டறைகள் கற்றுக்கொண்டன. கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின் கிருமியை ஒழிப்பது எளிதாகிவிட்டது. 2005இல் தொழுநோய் தேசிய அளவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற நிலையை இந்தியா எட்டியது. ஆனால் செத்த நரம்பை எந்த மாத்திரையும் மீட்பதில்லை. குணமானவர்களுக்கு அந்தச் செருப்பு ஆயுள் முழுக்கத் தேவை.

கார்வில்லில் இருந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணும் இதே கதைதான் என்று பிராண்ட் சொல்லத் தொடங்கினார். ரத்த ஓட்டம் குறைவதால் மட்டுமே அது வருகிறது என்று பலர் நம்பிய காலம் அது. அந்தக் கால்களில் பலவும் மரத்துப்போனவை, அவற்றையும் அழுத்தமே சிதைக்கிறது என்றார். தொழுநோயாளிகளின் காலில் கற்ற பாடம் அப்படியே நீரிழிவுக் கால் மருத்துவத்துக்குள் வந்தது. இன்று இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கும் வழக்கமும், உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றும் பக்தியும் நமக்கு உண்டு. மரத்த காலுக்கு இரண்டுமே ஆபத்து.

ஆகவே வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். மிருதுவான எதையும் எம்.சி.ஆர். என்று விற்பவர்கள் உண்டு. கட்டைவிரலால் அழுத்துங்கள்: அமுங்க வேண்டும், அடித்தட்டில் முட்டக்கூடாது, விட்டதும் எழ வேண்டும். பின்வார் இருக்கிறதா, உள்ளே ஆணி இல்லையா என்று தடவிப் பாருங்கள். தினமும் போட்டால் சில மாதங்களில் காற்றறைகள் நசுங்கி, மேலே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே செத்துவிடும். பள்ளம் மீளாவிட்டால் மாற்றிவிட வேண்டும். போடும் முன் உதறுங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்களின் பாதங்களில்தான், எத்தனை மிருது வேண்டும், எத்தனை கனம் வேண்டும், எங்கே ஆணி கூடாது என்பதெல்லாம் தெரியவந்தது. அந்த அறிவின் பலனை இன்று ஒதுக்கியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அனுபவிக்கிறார்கள். அதே செருப்போடு குணமான ஒருவர் நம் பக்கத்து இருக்கையில் வந்து உட்காரும்போது தள்ளி உட்காராமல் இருப்பது, அந்தக் கடனில் நம்மால் அடைக்க முடிந்த பங்கு.