22 டிகிரிக்கே நடுங்குறோம்... மைனஸ் 35இல் எப்படி வாழ்கிறார்கள்?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை விடாமல் பெய்தால் சிங்கப்பூரில் வெப்பநிலை 22, 23 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். உடனே "ஐயோ, என்னா குளிரு!" என்று ஜாக்கெட்டைத் தேடுவோம். இங்கு இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரிதான். அது 1934ஆம் ஆண்டு ஜனவரியில்.

ரஷ்யாவின் யாக்குட்ஸ்க் நகரில் ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 35 டிகிரிக்கும் கீழ். அங்கே 300,000க்கும் அதிகமானோர் வசிக்கின்றனர். வேலைக்கும் போகிறார்கள், கடைக்கும் போகிறார்கள். எப்படி?

உடம்பு பழகிடுமா?

ஓரளவு பழகும். குளிர் பட்டவுடன் தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். இதயம், நுரையீரல் போன்ற உறுப்புகளின் சூட்டைக் காக்க உடல் செய்யும் வேலை அது. அதனால்தான் விரல்கள் முதலில் சில்லிடுகின்றன. அடுத்து நடுக்கம். தசைகள் வேகமாக அசைந்து சூட்டை உண்டாக்கும்.

அடிக்கடி குளிரில் இருப்பவர்களுக்கு நடுக்கம் குறையும். ஆனால் வெறும் உடம்போடு மைனஸ் 35ஐ யாராலும் தாங்க முடியாது. மிச்சத்தை உடையும் வீடும் பழக்கமும் பார்த்துக்கொள்கின்றன.

ஊருக்கு ஒரு வழி

- கொரியா: 'ஒண்டோல்' முறையில் தரையே சூடாக இருக்கும். முன்பு அடுப்பின் சூடான புகையைத் தரைக்கு அடியில் செலுத்தினார்கள். இப்போது சுடுநீர்க் குழாய்கள்.

- ஜப்பான்: 'கொட்டாட்சு' என்ற தாழ்வான மேசைக்கு அடியில் ஹீட்டர் இருக்கும். மேலே கனமான போர்வை. குடும்பமே கால்களை உள்ளே நீட்டி உட்காரும்.

- காஷ்மீர்: தணல் போட்ட சிறிய மண்சட்டி, அதைச் சுற்றிப் பின்னிய கூடை. பெயர் 'காங்ரி'. நீளமான 'பெரன்' அங்கிக்குள் பிடித்துக்கொள்வார்கள்.

அப்போ, குளிர் அதிகமான நாட்டில்தான் ஆபத்தும் அதிகமா?

இல்லை! 14 ஐரோப்பிய நாடுகளின் 1988 முதல் 1997 வரையிலான விவரங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். குளிர்காலத்தில் மரணங்கள் ஆக அதிகமாகக் கூடியது இதமான குளிர் கொண்ட போர்ச்சுகலில்: 28 விழுக்காடு. உறையும் பின்லாந்தில் 10 விழுக்காடுதான்.

காரணம் என்ன? பின்லாந்தில் வீட்டுச் சுவரும் சன்னலும் சூடு வெளியேறாதபடி கட்டப்படுகின்றன. "இங்கே என்ன பெரிய குளிர்" என்று இருக்கும் இடங்களில் அந்த ஏற்பாடு குறைவு. வீட்டுக்குள்ளேயே குளிர் தங்கிவிடுகிறது.

நீங்கள் குளிர்நாட்டுக்குப் போகிறீர்களா?

படிக்கவோ சுற்றிப் பார்க்கவோ போனால் இவற்றை மறக்காதீர்கள்:

- ஒரே தடிமனான ஜாக்கெட் போதாது. மூன்று அடுக்காக அணியுங்கள். அடுக்குகளுக்கு இடையே சிக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும்.

- உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். கம்பளி அல்லது பாலியஸ்டர் நல்லது. வெளி அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்க வேண்டும்.

- சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்றுங்கள். இறுக்கமான காலணி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

- மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. உயிரைப் பறிக்கும்.

உடன் இருப்பவருக்கு நடுக்கம் நிற்கவே இல்லையா? பேச்சு குழறுகிறதா? குழப்பமாக நடந்துகொள்கிறாரா? உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். குளிரில் இருக்கும்போதே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம். ஈர உடையைக் கழற்றி, போர்வையால் போர்த்தி, உடனே அவசர உதவியை அழையுங்கள். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.