மாஸ்க்கைத் தூக்கிப் போடச் சொன்னது யாரு?

எங்க அம்மா ஊர் தேனி மாவட்டம் ஓடைப்பட்டி. விதையில்லா திராட்சைக்குப் பேர்போன ஊர். தோட்டத்துல மருந்தடிக்கப் போறவங்க மூக்கைச் சுத்தித் துண்டு கட்டிக்குவாங்க. மருந்துக்கு அது போதாது, அது வேற விஷயம். ஆனா சாயங்காலம் அந்தத் துண்டைத் துவைச்சுக் கொடியில காயப்போட்டுடுவாங்க. 2020-க்கு அப்புறம் அதே ஊர் வாய்க்கால் ஓரத்துல நீலக் கலர் மாஸ்க் கிடந்துச்சு. ஒரு தடவை போட்டுட்டு எறியுற இந்தப் பழக்கம் எப்போ வந்துச்சு? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

1910-11-ல மஞ்சூரியாவுல நுரையீரல் பிளேக் வந்து சுமார் 60,000 பேர் செத்துப்போனாங்க. அதைக் கட்டுப்படுத்தப் போன டாக்டர் வூ லியன்-டே, பினாங்குல பிறந்தவர். பஞ்சை மெல்லிய துணியில வச்சு மடிச்ச மாஸ்க்கை எல்லாரையும் போட வச்சார். அதுக்கப்புறம் பல வருஷம் ஆஸ்பத்திரிகள்ல பருத்தி மாஸ்க்தான். துவைச்சு, நீராவியில கிருமி நீக்கி, திரும்பத் திரும்பப் போட்டாங்க.

1960-கள்லதான் கதை மாறுச்சு. பேப்பர்லயும் செயற்கை இழையிலயும் செஞ்ச மாஸ்க் சந்தைக்கு வந்துச்சு. துவைக்க ஆள் வேண்டாம், கணக்கு சுலபம். அது மட்டும்தான் பாதுகாப்புன்னு சொல்ல முடியாது. 1975-ல வந்த ஒரு ஆய்வுல, நாலு மடிப்பு பருத்தி மாஸ்க் அன்னைக்கிருந்த டிஸ்போஸபிள் மாஸ்க்குகளை விட நல்லா வடிகட்டுச்சு. ஆனா அந்த வகையை மேம்படுத்துற வேலை அதோட கிட்டத்தட்ட நின்னுபோச்சு.

இப்போ நாம போடுற சர்ஜிக்கல் மாஸ்க் பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். கூடவே மூக்குக் கம்பி, காதுக்கு எலாஸ்டிக். மூணையும் பிரிச்சாத்தான் மறுசுழற்சி. யாரும் பிரிக்கிறதில்லை. வெயில்ல கிடந்தா நுண்ணிழையா உதிர்ந்து மண்ணுக்கும் தண்ணிக்கும் போகும்.

அப்போ எல்லாரும் துணி மாஸ்க்குக்கு மாறிடலாமா? அவ்வளவு சுலபம் இல்லை. வங்கதேசக் கிராமங்கள்ல நடந்த பெரிய ஆய்வுல சர்ஜிக்கல் மாஸ்க்கோட பலன் தெளிவாத் தெரிஞ்சது. துணி மாஸ்க்குக்கு அந்த அளவு தெரியலை. ஆனா அதே ஆய்வுக்குழு இன்னொண்ணும் பார்த்தது: சர்ஜிக்கல் மாஸ்க்கை சோப்பு போட்டு 10 தடவை துவைச்ச பிறகும் அது 76% வடிகட்டுச்சு. புதுசுல 95%. ஆய்வுல கொடுத்த துணி மாஸ்க் 37% தான். அப்போ "ஒரு தடவைதான்"ங்கிறது இயற்பியல் விதி இல்லை. டிசைன்ல எடுத்த ஒரு முடிவு.

தமிழ்நாடு 2020 ஜூலையில ரேஷன் கடை வழியா ஆளுக்கு 2 துணி மாஸ்க் கொடுக்க ஆரம்பிச்சது. மொத்தம் 13 கோடிக்கும் மேல கொடுக்கிறதாத் திட்டம். இன்னொரு பக்கம், வீட்டு மாஸ்க்கை வெட்டி, காகிதப் பையில 72 மணி நேரம் வச்சுட்டு, சாதாரணக் குப்பையில போடுங்கன்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுச்சு. சரி, அதுக்கு அப்புறம்? அந்தப் பாரம் ஓடைப்பட்டி மாதிரி சின்னப் பேரூராட்சிகளோட தூய்மைப் பணியாளர் தலையில.

டிபி வார்டுல வேலை பார்க்கிறவங்களுக்கு என்95 வேணும், அதுல பேச்சே இல்லை. ஆனா பஸ்ல போற நமக்கு? நல்லா வடிகட்டுற, துவைக்கிற மாஸ்க் வேணும். சாஃப்ட்வேர்ல ரிக்வயர்மென்ட்ல எழுதாத எதையும் யாரும் செஞ்சு தரமாட்டாங்க. அடுத்த தொற்றுக்கு அரசு டெண்டர் போடும்போது, எத்தனை சதவீதம் வடிகட்டும்ங்கிறதுக்குப் பக்கத்துல, எத்தனை துவைப்பு தாங்கும்ங்கிற வரியும் இருக்கணும்.